பறிகொடுத்தவனுக்கே சிறை: பினோக்கியோ கதை குழந்தைக்கு எந்த அறத்தைச் சொல்லித் தருகிறது?

புன்னைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்கு ஏழு வயது. இரவு தூங்கப் போகும்முன் பினோக்கியோவின் முழுக்கதையை நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லி வருகிறேன். நேற்றைக்குப் பத்தொன்பதாவது அத்தியாயம். நரியும் பூனையும் சேர்ந்து மரப்பாவையான பினோக்கியோவை ஏமாற்றி, அவன் மண்ணில் புதைத்து வைத்த நான்கு பொற்காசுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அவன் நீதிமன்றத்துக்கு ஓடி முறையிடுகிறான். கண்ணாடி இல்லாத வெறும் தங்கச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் நீதிபதி ஒரு கிழட்டுக் கொரில்லா. அது முழு வழக்கையும் பரிவோடு கேட்டு, கண் கலங்கி, "இந்தப் பாவப்பட்டவனிடமிருந்து நான்கு பொற்காசுகள் திருடப்பட்டுவிட்டன, ஆகவே இவனைப் பிடித்துச் சிறையில் போடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்கிறது.

நான்கு மாதம் சிறை. பிறகு அந்நாட்டு அரசன் போரில் வென்ற மகிழ்ச்சியில் கைதிகளை விடுவிக்கிறான். சிறைக்காவலனோ, குற்றவாளிகளுக்குத்தான் விடுதலை, நீ அந்தக் கணக்கில் வரமாட்டாய் என்கிறான். "மன்னிக்க வேண்டும், நானும் ஒரு போக்கிரிதான்" என்று பினோக்கியோ சொன்னதும், காவலன் தொப்பியைக் கழற்றி வணங்கிக் கதவைத் திறந்துவிடுகிறான்.

என் மகள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, "அவன்தானேப்பா காசைத் தொலைச்சவன், அவனை ஏன் ஜெயில்ல போட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அடுத்த கேள்வி: "போக்கிரின்னு பொய்தானே சொன்னான், மூக்கு ஏன் நீளல?"

பொய் சொன்னால் மூக்கு நீளும், பெற்றோர் சொல் கேட்டால் நன்மை வரும் என்பதுதான் இக்கதையின் நீதி என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூலத்தைப் படிக்கும்போது அப்படித் தோன்றவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி

உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி அருமையானது. அதற்கு வருவதற்குமுன் கதை பிறந்த விதத்தைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன்.

கார்லோ கொல்லோதி என்ற புனைபெயரில் எழுதிய கார்லோ லோரென்ஸினி 1826-ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். பத்திரிகையாளர்; இத்தாலிய விடுதலைப் போர்களில் 1848-லும் 1859-லும் தொண்டராகப் போரிட்டவர். நாடு 1861-இல் ஒன்றுபட்டது. 1877-இல் ஆறு முதல் ஒன்பது வயதுவரை கட்டாயக் கல்வி என்று சட்டம் வந்தது. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்த காலம் அது. கொல்லோதி அக்காலத்தில் பள்ளிப் பாடநூல்களும் எழுதியிருக்கிறார். ஆகவே "பள்ளிக்குப் போ, உழை" என்ற குரல் கதை முழுதும் ஒலிப்பதில் வியப்பில்லை.

ஆனால் 1881 ஜூலையில் உரோம் நகரின் சிறுவர் இதழொன்றில் தொடராகத் தொடங்கிய இந்தக் கதையை, அவர் அந்த ஆண்டு அக்டோபரிலேயே முடித்துவிட்டார். பதினைந்தாம் அத்தியாயத்தின் கடைசியில் கொள்ளையர் மரப்பாவையைக் கருவாலி மரத்தில் தூக்கிலிடுகிறார்கள், அவன் "அப்பா, நீங்கள் இங்கே இருந்திருந்தால்" என்று முனகி விறைத்துப்போகிறான், கதை தீர்ந்தது. சொல் கேளாத பிள்ளைக்குச் சாவு, அவ்வளவுதான். படித்த குழந்தைகள் விடவில்லை. 1882 பிப்ரவரியில் தொடர் மீண்டும் எழுந்து 1883 ஜனவரிவரை நடந்தது. இன்று நம் கையில் இருக்கும் முப்பத்தாறு அத்தியாயங்களில் பிற்பகுதி இருபத்தொன்றும் அப்படிக் கேட்டு வாங்கப்பட்டவை.

எனவே ஒரே அட்டைக்குள் இரண்டு அறநோக்குகள் இருக்கின்றன என்பது என் எண்ணம். முதற்பாதி தவறு செய்தவனைக் கொன்றுவிடுகிறது. இரண்டாம் பாதி அவனைத் திரும்பத் திரும்பப் பிழைக்க வைத்து, இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கிறது.

தராசுமுள்

வரலாறு சரி, ஐயா. ஆனால் இந்தக் கதையின் மீது எனக்குள்ள மனக்குறை அதனால் தீராது. இது குழந்தையை அச்சுறுத்தித் திருத்தப் பார்க்கும் கதை. அறிவுரையை மதிக்காமல் தூங்கினால் கால் எரிந்துபோகும், மருந்து குடிக்க மறுத்தால் நான்கு கருமுயல்கள் சவப்பெட்டியோடு வந்து நிற்கும், பள்ளிக்குப் போகாமல் விளையாட்டு நாட்டுக்குப் போனால் கழுதையாகிவிடுவாய். உலகமே காவலனாக நின்று தண்டனை கொடுக்கிறது.

சுவிட்சர்லாந்து உளவியலர் ஜீன் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடம் ஒரு சிறு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். ஆப்பிள் திருடிய சிறுவன் ஓடும்போது பாலத்தின் பலகை உடைந்து நீரில் விழுகிறான்; திருடாமல் இருந்திருந்தால் பலகை உடைந்திருக்குமா? சிறு குழந்தைகளில் மிகப் பலர் உடைந்திருக்காது என்றனர். வயது ஏற ஏற அந்தப் பதில் குறைந்தது. பொருள்களே பழிவாங்கும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் நீளும் மூக்கு வளர்க்கிறது. குழந்தை தானாகவே கடந்து போக வேண்டிய ஒரு படியில் இக்கதை அதனைப் பிடித்து நிறுத்துகிறது.

பயனாவது உண்டா என்று பார்த்தால் அதுவும் இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழுவினர் 2014-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பெரியவர் அறையை விட்டு வெளியே போகிறார். திரும்பி வந்ததும் ஒரு கதை படித்துக் காட்டி, பார்த்தாயா என்று உண்மையைக் கேட்கிறார். பினோக்கியோ கதையைக் கேட்ட குழந்தைகளும், ஓநாய் வருகிறது என்று பொய்க் கூச்சலிட்ட சிறுவனின் கதையைக் கேட்டவர்களும், ஆமை முயல் கதையைக் கேட்டவர்களைவிட அதிகமாக உண்மை பேசிவிடவில்லை. தன் தவற்றை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெறும் சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் செர்ரி மரக் கதையைக் கேட்டவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. அதே கதையின் முடிவைப் பொய்யால் கேடு வருவதாக மாற்றிச் சொன்னபோது அந்த மாற்றமும் மறைந்துபோயிற்று.

கரிசல்காட்டான்

தராசுமுள், அந்தச் சோதனை மூக்கைப் பற்றியது. கொல்லோதியின் நூலில் மூக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன்.

மூக்கு முதன்முதலில் நீளுவது மூன்றாம் அத்தியாயத்தில். பாவையைச் செய்யும் ஜெப்பெத்தோ, அவன் தந்தை, அதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார், வெட்ட வெட்ட நீளுகிறது. அப்போது பாவைக்கு வாயே கிடையாது. பிறகு எங்கே பொய் சொல்வது? ஏழாம் அத்தியாயத்தில், நெருப்பில் கருகிப்போன தன் கால்களைப் பூனை தின்றுவிட்டதாகத் தந்தையிடம் சொல்கிறான், மூக்கு அசையவில்லை. வழிமறித்த கொள்ளையரிடம் தன்னிடம் ஒரு காசும் இல்லை என்று கையசைத்துக் காட்டுகிறான். காசு நாக்கின் அடியில் இருக்கிறது, மூக்கு சும்மா இருக்கிறது. பொய்க்காக மூக்கு நீளுவது பதினேழாம் அத்தியாயத்தில், தூக்கிலிருந்து தன்னை மீட்ட தேவதையின் முன் காசைப் பற்றி அவன் அடுக்கிய மூன்று பொய்களுக்கு. பிறகு இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில், ஒரு கிழவரிடம் தன்னையே நல்ல பிள்ளை என்று புகழ்ந்துகொள்ளும்போது. அவ்வளவுதான்.

இதைக் கொல்லோதியின் கவனக்குறைவு என்று சொல்வாரும் உண்டு. அவசரத்தில் தொடர் எழுதியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீளும் இரண்டு இடங்களும் ஒரே வகையாக இருப்பதைக் கவனியுங்கள். தன்னிடம் அன்பு காட்டுபவளிடமும், அச்சுறுத்தாத ஒரு முதியவரிடமும், எந்தத் தேவையும் இல்லாமல் சொல்லும் பொய்கள் அவை. உயிருக்குப் பயந்து சொன்னவை தப்பித்துவிடுகின்றன. சிறைக்காவலனிடம் சொன்ன "நானும் போக்கிரிதான்" என்பதும் இந்த வகைதான். நேர்மையானவனை உள்ளே வைத்துப் பூட்டும் அரசில் வெளியே வர வேறு சொல் இல்லை. புன்னைநிழலின் மகளுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். எல்லாப் பொய்யும் ஒன்றே என்று 1797-இல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் எழுதிய கட்டுரை சாதிக்கிறது. நண்பனைத் துரத்தி வரும் கொலைகாரன் கேட்டாலும் பொய் கூடாதாம். இந்தக் கதையின் மூக்கு கான்ட்டைப் படித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. தண்டனையால் திருந்துகிறான் என்றால், திருந்துவதற்குமுன் அவனிடம் நன்மை இருந்திருக்கக் கூடாது. பொம்மலாட்டக்காரன் நெருப்புத்தின்னி தன் ஆட்டிறைச்சியை வாட்ட விறகு வேண்டி ஆர்லெக்கினோ என்ற பாவையை அடுப்பில் போடச் சொல்லும்போது, நம் ஆள் தன் ரொட்டித் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, எனக்குப் பதிலாக என் நண்பன் சாவது நியாயமில்லை, என்னைக் கட்டிப் போடுங்கள் என்கிறான். அது பதினோராம் அத்தியாயம். அதற்குமுன் அவன் செய்தவை என்ன? அறிவுரை சொன்ன சுவர்க்கோழியை மரச்சுத்தியல் வீசிச் சுவரோடு அப்பினான், தந்தை குளிரில் கோட்டை விற்று வாங்கித் தந்த அரிச்சுவடியை விற்றுப் பொம்மலாட்டத்துக்குச் சீட்டு வாங்கினான். எந்தப் பாடமும் தலையில் ஏறாதவன் உயிரைக் கொடுக்க முன்வருகிறான். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்திமந்தாரை

நீங்கள் எல்லோரும் நரி, கொரில்லா, மூக்கு என்று பேசுகிறீர்கள். எனக்கு இக்கதையில் பொறுக்க முடியாதது அந்தத் தேவதைதான். சிறையிலிருந்து ஓடி வரும் சிறுவன் அவள் வீடு இருந்த இடத்தில் ஒரு கல்லறைக் கல்லைப் பார்க்கிறான். தம்பி பினோக்கியோ கைவிட்டுப் போனதால் மனம் நொந்து இறந்தவள் இங்கே கிடக்கிறாள் என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் இரவு முழுதும் அழுகிறான். பிறகு பார்த்தால் அவள் உயிரோடு வளர்ந்து பெரிய பெண்ணாக நிற்கிறாள். உன் துயரம் உண்மையாக இருந்ததால் உன் நெஞ்சம் நல்லது என்று அறிந்தேன் என்கிறாள்.

"நீ இப்படிச் செய்தால் அம்மா செத்துப்போய்விடுவேன்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அந்த வாக்கியம் பிள்ளையின் நெஞ்சில் என்ன செய்யும் என்று தெரியும். அடி விழுந்தால் வலி ஆறிவிடும், இது ஆறாது. அன்பை வைத்துச் செய்யும் இந்த மிரட்டலைக் கருணை அறம் என்று யாரும் பூசி மெழுகிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்

ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கல்லுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏட்டுச்சுவடி

அந்திமந்தாரை சொன்னது என்னையும் தைத்தது. முப்பத்தோராண்டுகள் வகுப்பறையில் நின்றவன். அந்த வாக்கியத்தின் ஆசிரியர் வடிவத்தை நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் தேவதையின் கடைசிச் சொற்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுதி அத்தியாயத்தில் பினோக்கியோ ஐந்து மாதங்களுக்கு மேலாக நாள்தோறும் விடியுமுன் எழுந்து ஒரு தோட்டக்காரரின் நீரிறைக்கும் சக்கரத்தைச் சுற்றுகிறான். நூறு வாளி இறைத்தால் நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால். மாலையில் நாணலால் கூடை முடைகிறான். குச்சியைச் சீவிப் பழச்சாற்றில் தோய்த்து இரவில் எழுதிப் பழகுகிறான். அரிஸ்டாட்டில் சொன்னது இதுதான்: வீடு கட்டிக் கட்டியே கொத்தனாவதுபோல, நேர்மையான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நேர்மையானவனாகிறான். இந்த ஐந்து மாதங்களில் யாரும் அவனை அச்சுறுத்தவில்லை. சுறாமீன் வயிற்றிலிருந்து தந்தையைத் தோளில் சுமந்து கரையேறியபின் அவனுக்குப் பின்னால் எந்தக் கோலும் இல்லை.

தனக்குச் சட்டை வாங்கச் சேர்த்த நாற்பது காசைத் தேவதை நோயுற்றுக் கிடக்கிறாள் என்று கேட்டதும் கொடுத்துவிட்டு, அன்றிரவு எட்டுக் கூடைக்குப் பதிலாகப் பதினாறு முடைகிறான். கனவில் தேவதை வந்து சொல்வதைக் கவனியுங்கள்: துன்பத்திலும் நோயிலும் பெற்றோரை அன்போடு தாங்கும் பிள்ளைகள், கீழ்ப்படிதலுக்கும் நன்னடத்தைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாதவர்களாக இருந்தாலும், பாராட்டுக்கு உரியவர்கள். கீழ்ப்படியாமையைத் தண்டிக்கத் தொடங்கிய கதை, முடியும்போது கீழ்ப்படிதலைத் தனியே பிரித்து ஓரத்தில் வைத்துவிடுகிறது. முன்னும் பின்னும் ஒட்டாததாகத் தோன்றும் இந்த ஒரு சொற்றொடருக்காகவே நான் இந்நூலை மாணவர்களுக்குப் பரிந்துரைத்தேன்.

தராசுமுள்

ஒட்டாததாகத் தோன்றுவதற்குக் காரணம் அது ஒட்டவில்லை என்பதுதான். மறுநாள் காலையில் நாற்பது செப்புக்காசும் நாற்பது பொற்காசாகிவிடுகின்றன. குடிசை மாறி அழகான வீடாகிறது, மரக்கட்டை மனிதப் பிள்ளையாகிறது. நன்மைக்குக் கூலி கையோடு கொடுக்கப்படுகிறது. நரியும் பூனையும் காசைப் புதைத்தால் மரமாக முளைக்கும் என்று அவனுக்குச் சொன்ன பொய்யை, கடைசியில் தேவதை மெய்யாக்கிக் காட்டுகிறாள்! கூலி எதிர்பாராத கடமைக்கே அறமதிப்பு உண்டு என்ற கான்ட்டை மூக்கு படிக்காவிட்டால் போகட்டும், ஆசிரியராவது படித்திருக்கலாம்.

ஆர்லெக்கினோ பற்றிய வாதத்தை மட்டும் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரிசல்காட்டான்

காசைப் பற்றிய கிண்டல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் கொடுக்கும்போது அவனுக்கு அது தெரியாது அல்லவா? கூலி வந்ததும் கூலிக்காகச் செய்ததும் வேறு வேறு.

கான்ட்டுக்கு எதிர்முனையில் நின்ற தத்துவஞானி ஷோப்பன்ஹவர், பிறர் வலியைத் தன் வலியாக உணரும் கருணையே அறத்தின் அடித்தளம் என்று ஒரு கட்டுரை எழுதி டென்மார்க் அரச அறிவியல் கழகத்தின் போட்டிக்கு அனுப்பினார். வந்ததே அது ஒன்றுதான். இருந்தும் 1840-இல் பரிசு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். (அவரும் ஒரு கொரில்லா நீதிபதியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் போலும்.) கொல்லோதி அவரைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நெருப்புத்தின்னிக்கு இரக்கம் வந்தால் கண்ணீருக்குப் பதில் தும்மல் வருகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அடக்க நினைத்தாலும் அடங்காமல், உடம்பிலிருந்து தானாக வெடித்து வருகிறது அந்த இரக்கம். கடமையுணர்ச்சி யாருக்கும் தும்மலாக வருவதில்லை.

புன்னைநிழல்

மூன்று நாள்களாக உங்கள் பதிவுகளைப் படித்துக்கொண்டே அடுத்த அத்தியாயங்களையும் சொல்லி வந்தேன். நேற்று இருபத்திரண்டு முடிந்தது. திராட்சைக் குலை பறிக்கப் போய்ப் பொறியில் சிக்கிய பினோக்கியோவை ஒரு குடியானவர் இறந்துபோன தன் காவல்நாய் மெலாம்போவின் இடத்தில் சங்கிலியால் கட்டி வைக்கிறார். இரவில் மரநாய்கள் வந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்துச் சொல்கின்றன: வாரம் எட்டுக் கோழி, ஏழு எங்களுக்கு, ஒன்று உனக்கு, நீ குரைக்காமல் தூங்குவதுபோல் இருந்தால் போதும். அவன் இலஞ்சத்தை மறுத்துக் கதவை அடைத்துக் குரைத்துவிடுகிறான். குடியானவர் மகிழ்ந்து, மெலாம்போ இத்தனை நாள் இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கிறார். சொல்லிவிட்டால் இவன் மதிப்பு இன்னும் உயரும். ஆனால் இறந்தவர்களைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்களை நிம்மதியாக விட்டுவிடுவதே நல்லது என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறான்.

"உண்மையைச் சொல்லாததும் பொய்தானே?" என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது, "அந்த நாய்க்கு ஒருத்தரும் சாப்பாடு போடலையா?" என்பது. தராசுமுள் சொல்லும் படியில் அவள் நிற்கிறாளா, தாண்டிவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. பினோக்கியோவோடு விளையாட்டு நாட்டுக்குப் போன தோழன் லுச்சிஞ்ஞோலோ. இருவரும் ஒரே நாளில் கழுதையானார்கள், செய்த தவறும் ஒன்றுதான். பினோக்கியோ-கழுதையைத் தோலுரிக்கக் கடலில் அமிழ்த்தியபோது தேவதை அனுப்பிய மீன்கள் கழுதைச் சதையைத் தின்று உள்ளிருந்த மரப்பாவையை மீட்டன. மற்றவனுக்குத் தேவதை இல்லை. கடைசி அத்தியாயத்தில், பினோக்கியோ பாலுக்காக வேலை செய்யும் அதே தோட்டக்காரரின் தொழுவத்தில், பசியாலும் வேலையாலும் நொந்து அவன் தன் பெயரைச் சொல்லிவிட்டுச் சாகிறான். 1976-இல் தத்துவஞானிகள் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் அறத்தில் நற்பேற்றின் பங்கு பற்றி எழுப்பிய கேள்வியை 1883-இலேயே ஒரு தொழுவத்தில் வைக்கோல்மேல் கிடத்தியிருக்கிறார் கொல்லோதி. பதில் மட்டும் தரவில்லை. என்னோடு படித்தவன் என்று பினோக்கியோ அழுதபோது தோட்டக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்: கழுதைகளோடா படித்தாய், நல்ல படிப்புத்தான்! அவன் கூனிக் குறுகிப் பாலை எடுத்துக்கொண்டு போகிறான்.

அந்திமந்தாரை

அதே அத்தியாயத்தில் குருடாகிப்போன பூனையும் முடமாகிப்போன நரியும் வழியில் பிச்சை கேட்கும்போது, பினோக்கியோ பழமொழிகளை அடுக்கிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறான். ஆர்லெக்கினோவுக்காக உயிரைக் கொடுக்க வந்தவன் இங்கே ஒரு காசு கொடுக்கவில்லை. பிள்ளையாக மாறுவதற்குள் பெரியவர்களின் கணக்கு அவனுக்குப் பழகிவிட்டதோ என்று நான் ஐயுறுகிறேன்.

புன்னைநிழல், லுச்சிஞ்ஞோலோ சாகும் பகுதியை மகளுக்குச் சொல்வீர்களா, விட்டுவிடுவீர்களா? 1940-இன் டிஸ்னி திரைப்படத்தில் அந்தச் சாவு இல்லை. சுத்தியலடியில் செத்த சுவர்க்கோழியையே அங்கே கோட்டு மாட்டிப் பாடவிட்டுவிட்டார்கள்.

புன்னைநிழல்

சொல்லத்தான் போகிறேன். அந்த அத்தியாயம் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கல்லறைக் கல் இன்றிரவே வந்துவிடும். அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன். அந்திமந்தாரை, உங்களுக்குத் தோன்றுவது ஏதும் இருந்தால் மாலைக்குள் எழுதுங்கள்.